மிளகும் சீரகமும் மாரியம்மனும்

சீரகம் என் கையிலிருந்து முதன்முதலாக ஒரு கோழித் துண்டை வாங்கித் தின்றது, நான் அதற்குத் தட்டு வைக்கத் தொடங்கிய 114-ஆம் நாள். இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் தினமும் இரண்டு குறி போட்டுவந்தேன். என் கணவர் கைப்பயிற்சி செய்துவிட்டால் ஒரு வட்டம். பூனைக்குத் தட்டு வைத்துவிட்டால் ஒரு கோடு. இரண்டுமே என்றைக்கு முடியும் என்று தெரியாத வேலைகள். குறியாவது போட்டு வைப்போம் என்று தோன்றியது.

எங்கள் வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற பாதையில் இருக்கிறது. சுற்றிலும் காபிச் செடி, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், கூரைமேல் நாள் தவறாமல் குரங்குகள். கணவர் எஸ்டேட் அலுவலகத்தில் 26 வருடமாகக் கணக்கு எழுதியவர். 2021 டிசம்பரில், பழம் பறிப்பு மும்முரமாக இருந்தபோது, ஒரு காலை அவர் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

பித்தமாக இருக்கும், கொஞ்சம் படுக்கட்டும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் படுக்க வைத்தேன். அதில் போனது முக்கால் மணி நேரம். வந்திருந்தது பக்கவாதம். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். மலையில் இருப்பவர்களுக்கு அந்த நாலரை மணியில் ஜீப் கிடைக்கிற நேரமும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்துதான் கணக்கு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மாரியம்மா சொன்னேன். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம், உயிர் தப்பியது. ஆனால் வலது கை வரவில்லை. பேச்சு "ஆ… ஆ…" என்ற அளவில் நின்றுவிட்டது.

நான் சேலத்தில் குகை என்ற பகுதியில் பிறந்தவள். ஆடி மாதம் வண்டி வேடிக்கை, அதாவது சாமி வேடமிட்டவர்களோடு வரும் அலங்கார வண்டி ஊர்வலம், பார்த்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எது என்றாலும் மாரியம்மன்தான். கண்ணில் கோளாறு என்றால் வெள்ளியில் கண்மலர், காலில் என்றால் கால் உரு. எனவே செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன வெள்ளிக் கை வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். பங்குனி முடிவதற்குள் அவருக்குக் கை வந்துவிட வேண்டும், வந்தால் இதைச் செலுத்துகிறேன் என்பது வேண்டுதல். இப்போது நினைத்தால் அது வேண்டுதல் மாதிரியே இல்லை, தவணை தேதி போட்ட கடன் பத்திரம் மாதிரி இருக்கிறது.

அந்தத் தைப்பூசத்தன்றுதான் சீரகம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு கண்கள் தெரிந்தன, அவ்வளவுதான். பழுப்பு உடம்பில் சீரகத்தை அள்ளித் தெளித்தாற்போல் கோடுகள். ஏற்கெனவே வீட்டில் மிளகு இருந்தான், எஸ்டேட்டிலேயே பிறந்த கறுப்பு நாய். அதனால் இவளுக்குச் சீரகம் என்று பெயர் வைப்பதில் யோசனையே தேவைப்படவில்லை.

தெருப்பூனையைப் பழக்குவது பற்றி நான் கற்றதைச் சொல்கிறேன். தட்டு மாறக்கூடாது, நேரம் மாறக்கூடாது. எனக்கு அது மாலை ஐந்தரை. தட்டை வைத்துவிட்டு நேருக்கு நேர் உட்காரக்கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்து, கீரை ஆய்வதோ பூண்டு உரிப்பதோ, நம் வேலையைப் பார்க்க வேண்டும். உற்றுப் பார்த்தால் பூனைக்கு அது சண்டைக்கு அழைப்பது. தற்செயலாகக் கண்ணும் கண்ணும் சந்தித்துவிட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு சாண் மட்டும் தட்டை நம் பக்கம் நகர்த்தலாம். வெறும் தயிர்ச்சோறு போட்டு ஏமாற்றக்கூடாது. பூனை இறைச்சி தின்னியாகவே படைக்கப்பட்ட பிராணி. உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழியோ முட்டையோ வேண்டும். பால்கூட வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

இத்தனையும் தெரிந்த நான், 41-ஆம் நாள் கெடுத்தேன். அன்று மருத்துவர் கணவரின் கையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லியிருந்தார். ஆறு மாதம்! பங்குனி முடிய ஆறு வாரம்தான் இருந்தது. அந்த எரிச்சலோடு தட்டு வைத்தேன். சீரகம் கை எட்டுகிற தூரத்தில் நின்று தின்றுகொண்டிருந்தாள். உனக்குத்தானே இத்தனை நாளாகப் போடுகிறேன், தொட்டால் என்ன கெட்டுவிடும் என்று சட்டென்று கையை நீட்டி முதுகைப் பிடித்துவிட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று கோடு கிழித்துவிட்டு ஓடினாள்.

ரத்தம் வந்த காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பக்கூடாது. பூனைக் கீறல்தானே என்று விடவும் கூடாது, வெறிநோய் பூனையாலும் வரும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் அன்றே காயத்தைச் சுற்றி ஓர் ஊசியும், தோலுக்குள் போடுகிற தடுப்பூசியும் போட்டார்கள். பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் போனேன். காலண்டரில் மூன்றாவது குறி ஒன்று சேர்ந்துகொண்டது.

மூன்று வாரம் அவள் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தட்டு காலியாகும். 41 நாளில் நான்கு சாண் நகர்ந்த தட்டு மறுபடி பழைய இடத்துக்கே போனது. ஜன்னல் வழியாக அந்தக் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாலையில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாரியம்மன் வருவாள் என்று நான்தான் காத்திருக்கிறேன் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். ஒருவேளை அவள் கையிலும் ஒரு காலண்டர் இருந்தால், அதில் நான் எத்தனையாவது நாள்? தட்டை மட்டும் காலி செய்துவிட்டு, அவள் முகம் தெரிந்ததும் தொட்டிக்குப் பின்னால் ஓடுகிற ஜீவன் நானாக இருந்தால்?

இதற்கிடையில் மிளகு படுத்துவிட்டான். மார்ச் மாதத் தொடக்கம். இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. உடம்பு சுட்டது, ஈறு வெளிறிப்போயிருந்தது, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். மூன்றாம் நாள் மூக்கில் ஒரு சொட்டு ரத்தம். சேலத்துக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்ததில் ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள்.

பத்தாம் நாள் எழுந்து குரங்குகளை விரட்டினான். பன்னிரண்டாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். தினமும் அவன் வாயைப் பிளந்து அதைத் திணிப்பது பெரிய யுத்தம். அதோடு கணவருக்குக் குளியல், பயிற்சி, கஞ்சி. நன்றாகத்தானே இருக்கிறான் என்ற நினைப்பு. இரண்டு வாரத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. மருத்துவர் திட்டவில்லை. "நாய் மாத்திரையை நிறுத்தவில்லையே அம்மா, நீங்கள்தானே நிறுத்தினீர்கள்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மறுபடி ஒன்றிலிருந்து 28.

உண்ணி விஷயத்தில் பலரும் நாயை மட்டும் பார்க்கிறார்கள், சுவரைப் பார்ப்பதில்லை. ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் போய் முட்டையிடும். ஒன்றல்ல, பத்தல்ல, ஆயிரக்கணக்கில். எனவே நாய் படுக்கும் இடத்தில் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, அதன் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுகிற பழைய வைத்தியம் நாயின் தோலைத்தான் பொசுக்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள்.

இரண்டாவது சுற்றில் மிளகு விவரமாகிவிட்டான். மாத்திரைப் பட்டையின் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இழுத்தால் உறுமுவான். ஒருநாள் பல்லைக்கூடக் காட்டினான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அதே மிளகு வந்து என் காலடியில் சுருண்டுகொள்வான். பகலில் அவன் வாயில் கசப்பைத் திணித்ததும் இந்தக் கால்களுக்கு உரியவள்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வந்தான். நம்பிக்கை என்றால் வாயை மூடிக்கொண்டு விழுங்குவது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இவன் உறுமிவிட்டு வந்து படுத்தான். எனக்கு இவன் வழி பிடித்திருந்தது.

பங்குனி முடிந்தது. கை வரவில்லை. சித்திரை முழுக்க நான் விளக்கு மட்டும் ஏற்றினேன், ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது அந்த மாதம் தெரிந்தது.

அந்தச் சித்திரையில்தான் அது நடந்தது. இரண்டாவது சுற்றின் கடைசி நாட்கள். மிளகு மாத்திரையைத் துப்பிவிட்டு என் கையிலிருந்து திமிறி, கணவர் கால்மேல் ஏறி, ஸ்டூலைத் தட்டி, கஞ்சி முழுவதையும் அவர் வேட்டியில் கொட்டிவிட்டு ஓடினான். "சனியனே!" என்று ஒரு சத்தம். தெளிவாக, அட்சர சுத்தமாக, கணவரின் பழைய அலுவலகக் குரலில். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு முழுச் சொல். பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் பிறகு விளக்கினார். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் வசைச்சொல், பாட்டு, எண்ணிக்கை, பழகிய துதி எல்லாம் சிலசமயம் தானாக வந்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம் என்றார். அன்றிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கோவிந்தா சொல்லச் சொன்னார். கோவிந்தா வரச் சில வாரங்கள் ஆயின. "பெருமாளைக் கூப்பிடு என்றால் சனியைக் கூப்பிடுகிறானே" என்பது அத்தையின் நிரந்தரக் குறை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியார், வயது 78, அம்மாபேட்டைக்காரர். சேலம் கோட்டை அழகிரிநாதரைத் தவிர வேறு தெய்வம் அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. என் வெள்ளிக் கை விவகாரம் தெரிந்தபோது, "நீ குரங்குக்குட்டிக் கட்சி அம்மா. எல்லாம் நீயே பிடித்துத் தொங்க வேண்டும். எங்கள் கட்சி பூனைக்குட்டி" என்றார். வைணவத்தில் இது பழைய வாதம். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும், அதுபோல் பக்தனும் தன் முயற்சியால் பற்ற வேண்டும் என்பார்கள் வடகலையார். பூனைக்குட்டி எதுவும் செய்யாது, தாய்தான் கவ்விக்கொண்டு போகும், அதுபோல் எல்லாம் அவன் பொறுப்பு என்பார்கள் தென்கலையார். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று பெயர்.

இந்த இரண்டு நியாயமும் எங்கள் வாசலிலேயே குடியிருந்ததால் சரிபார்க்க வசதியாக இருந்தது. கூரையில் குரங்கைக் கவனித்தேன். குட்டி வயிற்றோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, உண்மை. ஆனால் பிறந்து சில நாளே ஆன குட்டி என்றால், தாய் நகரும்போது ஒரு கையைக் குட்டியின் முதுகுக்கடியில் கொடுத்துக்கொள்கிறாள். ஆக, பிடி முழுக்கக் குட்டியுடையது இல்லை. இதை அத்தையிடம் சொன்னபோது, "அப்படியென்றால் குரங்கும் எங்கள் கட்சிதான்" என்றார்.

பூனையைப் பார்த்தது ஜூன் மாத மழையில். சீரகம் காபிச் செடிகளுக்குள் எங்கேயோ மூன்று குட்டி போட்டிருந்தாள். அங்கே தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். ஒரு பிற்பகல் முதல் குட்டியின் பிடரியைக் கவ்வி எங்கள் விறகுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள். குட்டி காலை மடக்கி, நனைந்த துணிபோல் தொங்கியது. அத்தை சொன்னது அப்படியே கண்முன்னே நடந்தது. ஆனால் மற்ற இரண்டும் செடிகளுக்குள் கத்திக்கொண்டிருந்தன. குடையை எடுத்துக்கொண்டு நான் ஓடப் பார்த்தேன். அத்தை தடுத்தார். அது சரியான யோசனை என்பதைப் பிறகு மருத்துவரும் சொன்னார். குட்டி தனியாகக் கத்துகிறது என்று உடனே தூக்கிவிடக் கூடாது. தாய் இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம், இரை தேடப் போயிருக்கலாம். உடனடி ஆபத்து எதுவும் இல்லையென்றால் தள்ளி நின்று ஓரிரண்டு மணி நேரமாவது பார்க்க வேண்டும். நாம் பக்கத்தில் நின்றால் தாய் வரத் தயங்குவாள்.

இரண்டாவது குட்டி வந்தது. மூன்றாவதுக்கு அவள் போக வெகுநேரம் ஆயிற்று. கொட்டகையில் இரண்டையும் நக்கிக்கொண்டே இருந்தாள். வெளியே மழையில் ஒரு மெல்லிய குரல், விட்டு விட்டு. திண்ணையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது அத்தையிடம் சொன்னேன்: "உங்கள் நியாயத்தில் கவ்வப்பட்ட குட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் அத்தை. முறை வராத குட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை." அத்தை வழக்கமாக உடனே பதில் சொல்பவர். அன்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "கத்தத்தான் செய்யும். கத்தினால்தானே அவளுக்கு இடம் தெரியும்" என்றார்.

சீரகம் போய் அதையும் கொண்டுவந்தாள். நான்காம் நாள் அந்த மூன்றாவது குட்டி இறந்துபோனது. இதற்கு என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. யாராவது விளக்கினால் கேட்டுக்கொண்டிருக்கிற பொறுமையும் இல்லை. கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

ஆடியில் சேலம் இறங்கினேன். அரிசி டிரம்மிலிருந்து வெள்ளிக் கையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு குகை மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். கணவருக்கு அப்போது தோள்வரை அசைவு வந்திருந்தது, விரல்கள் வரவில்லை. "சொன்ன தேதிக்கு நீ கொடுக்கவில்லை. நானும் சொன்ன மாதிரி இதை வைத்துக்கொண்டே இருக்கலாம். இந்தா, எடுத்துக்கொள். எப்போது முடியுமோ அப்போது பார்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் வேப்பிலையோடு நின்றிருந்த அம்மாள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். மிளகு உறுமுகிற சத்தம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பஸ்ஸில் மலை ஏறும்போது தூங்கிவிட்டேன். டிசம்பருக்குப் பிறகு அந்த வளைவுகளில் நான் கண்ணை மூடியது அதுதான் முதல்முறை.

புரட்டாசி வந்தது. வீட்டில் மாமிசம் நின்றது. சீரகத்துக்கு என்ன செய்வது என்று நான் தயங்கியபோது அத்தையே இரண்டு முட்டையை வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "பூனைக்கு ஏதடி புரட்டாசி."

ஐப்பசியில் சீரகத்துக்குக் கருத்தடை செய்தோம். குட்டிகள் இரண்டும் பால் மறந்து, வேண்டியவர்கள் வீட்டுக்குப் போயிருந்தன. பழகாத பூனையைச் சாக்கில் பிடித்துப் போகாதீர்கள். கூண்டைப் பத்து நாள் முன்னதாகவே வாசலில் வைத்து, அதற்குள்ளேயே தட்டு வைத்துப் பழக்குங்கள். அதுவும் தினம் ஒரு சாண்தான். அறுவை முடிந்து வந்ததும் பத்து நாள் ஓர் அறைக்குள் வைக்க வேண்டும், தையலை நக்கவிடக் கூடாது. எங்களிடம் கதவு சாத்துகிற அறை ஒன்றுதான் இருந்தது, கணவர் படுத்திருக்கும் அறை.

முதல் மூன்று நாள் பீரோவுக்கு அடியில் கிடந்தாள். நான் போனால் சீறினாள். கூண்டில் அடைத்துக்கொண்டுபோனது நான்தானே. 114 நாள் உழைப்பும் போயிற்று, மறுபடி ஒன்றிலிருந்து என்று காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டேன்.

நான்காம் நாள் காலை கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சீரகம் கட்டில்மேல் இருந்தாள். கணவரின் வலது கை போர்வைக்கு மேலே உள்ளங்கை மேல்நோக்க எப்போதும்போல் கிடந்தது. அந்த உள்ளங்கையில் தாடையை வைத்து, கண்ணை மூடி, தூங்கிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை வைத்துவிட்டு அவளைத் தூக்கப் போனேன். கணவர் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"எடு… எடுக்காதே" என்றார்.